தலைக்கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கல்யாணங்களை எடுத்து நடத்திக் கொடுக்கும் தொழிலுக்கு வர வேண்டும் என்று யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் கைப்பேசியை நீட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மணவறைப் படம், மேடை விளக்குப் படம், மாப்பிள்ளை குதிரையில் வருகிற படம். “ஆண்ட்டி, இந்த மாதிரி செய்யணும்.” அழகாகத்தான் இருக்கிறது. யார் காசில் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

தோட்டத்தில் இருந்த காலத்தில் இப்படியொரு தொழிலே கிடையாது. லயத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் வாழை மரம் வெட்டி வர நாலு பேர், தோரணம் பின்ன நாலு பேர், பெரிய சட்டியைத் தூக்கி இறக்க நாலு பேர் தானாக வந்து நிற்பார்கள். மொய் எழுத எழுத்துக்காரர் ஒருவர் இருப்பார். 1980, 90களில் தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, வீடமைப்புப் பகுதிகளான பிறகு சனம் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் செராஸுக்கும் குடிவந்தது. அடுக்குமாடியில் பதினோராவது மாடிக்காரர் பந்தலை எங்கே போடுவார்? கல்யாணம் கோயில் மண்டபத்துக்கும் டேவானுக்கும் ஹோட்டலுக்கும் போனது. அந்த நாலு பேர் மட்டும் கூடப் போகவில்லை.

அவர்கள் விட்டுப்போன வேலையைத்தான் நாம் கூலி வாங்கிக்கொண்டு செய்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. அந்த நாலு பேருக்கும் கல்யாண வீட்டின் வரும்படி தெரியும். அதற்கு மேல் செலவு போனால், “அண்ணே, போதும்” என்று சொல்வார்கள். நமக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டு, நாமும் “போதும்” சொல்ல வேண்டும். கீழே இருப்பது முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

1. முதல் சந்திப்பில் நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள். தலைக்கணக்கைக் கேளுங்கள்.

எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்பது தெரியாமல் இந்தத் தொழிலில் எந்த வேலையும் நகராது. மண்டபத்தின் அளவு, மேசை, நாற்காலி, இலை, தாம்பூலப் பை, வண்டி நிறுத்துமிடம், பரிமாறும் ஆள் எல்லாம் அந்த ஓர் எண்ணில் தொங்குகின்றன. சும்மா ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சாப்பாடு தலைக்கு 55 வெள்ளி, கையில் கொடுக்கும் பரிசு 5 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 பேருக்கு 36,000 வெள்ளி. நூறு பேரைக் குறைத்தால் 6,000 வெள்ளி நின்ற இடத்தில் மிச்சம். பூக்காரரிடம் அரைநாள் பேரம் பேசி 300 வெள்ளி குறைத்துவிட்டு வெற்றிக் களிப்போடு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த 300 வெள்ளி, கடைசி வாரத்தில் பெரியப்பா சேர்க்கிற அரை மேசைக்குச் சரி.

பட்டியலை மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். வராவிட்டால் கல்யாணமே நடக்காது என்பவர்கள் முதலில். வந்தால் மகிழ்ச்சி என்பவர்கள் அடுத்து. அவர்கள் நம்மைக் கூப்பிட்டார்கள், அதனால் நாமும் கூப்பிட வேண்டும் என்பவர்கள் மூன்றாவது. பெரும்பாலும் மூன்றாவது பட்டியல்தான் நீளமாக இருக்கும். அதை நீங்கள் வெட்டாதீர்கள். அது உங்கள் வேலை இல்லை. பட்டியலின் கீழே அதற்கான தொகையை மட்டும் எழுதி அம்மா அப்பா முன்னால் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுங்கள். திரும்பி வருவதற்குள் அவர்களே பேனாவை எடுத்திருப்பார்கள்.

அழைப்பிதழ் எண்ணிக்கை தலைக்கணக்கு ஆகாது. ‘குடும்பத்துடன்’ என்று ஓர் அட்டையில் அச்சடித்தால் வருவது இரண்டு பேராகவும் இருக்கலாம், பாட்டியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து ஏழு பேராகவும் இருக்கலாம். நம் ஆட்கள் வருகிறேன், வரவில்லை என்று பதில் எழுதிப் பழகியவர்கள் அல்லர். வாட்சாப்பில் அனுப்பினால் கைகூப்புகிற படம் ஒன்று திரும்பி வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் வீட்டில் விவரமான ஒருவரை உட்கார வைத்து ஒவ்வொருவருக்கும் போன் போடச் சொல்லுங்கள். “மாமா, எத்தனை பேருக்கு இலை போடலாம்?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஹோட்டலில் விருந்துபசரிப்பு என்றால் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இன்னொன்று அரசாங்கச் சேவை வரி. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு அந்த வரி 8 விழுக்காடு ஆனாலும், சாப்பாட்டுக்கு 6 விழுக்காடாகவே இருக்கிறது. மேசைக்கு 1,200 வெள்ளி என்று சொல்லி 50 மேசை போட்டால் 60,000 வெள்ளி என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். பில் வரும்போது அதற்கு மேல் குறைந்தது 9,600 வெள்ளி இருக்கும். முதல் நாளே கூட்டிச் சொல்லுங்கள்.

2. யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதை எழுதி வாங்குங்கள்.

பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, சம்பாதிக்கிற பெண், சம்பாதிக்கிற பையன், வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் என்று ஐந்து இடத்திலிருந்து பணம் வரும். கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். அதனால் முதலில் அம்மா அப்பாக்களிடம் தனியாகவும், பெண்ணிடமும் பையனிடமும் தனியாகவும் பேசுங்கள். ஒரே கூடத்தில் எல்லாரையும் வைத்துக்கொண்டு தொகையைக் கேட்டால் கௌரவம்தான் பதில் சொல்லும். ஒவ்வொருவர் சொன்னதையும் ஒரே தாளில் எழுதி, பிறகு எல்லாரும் கூடிய இடத்தில் வாசியுங்கள்.

மொய்யை மட்டும் வரவுப் பக்கத்தில் எழுத விடாதீர்கள். “அங்பாவ் வந்தால் சாப்பாட்டுச் செலவு வந்துவிடும்” என்று சொல்கிற அப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் பணம் கல்யாணத்துக்கு முன்னால் போக வேண்டும். மொய் கல்யாணத்தன்று இரவில்தான் வருகிறது. அதுவும் இனாம் இல்லை. அந்த நோட்டில் எழுதியிருக்கிற ஒவ்வொரு பெயருக்கும் இந்த வீடு என்றைக்காவது திருப்பிச் செய்தாக வேண்டும். மொய் வந்தால் தேன்நிலவுக்கோ வீட்டு முன்பணத்துக்கோ ஆகட்டும். வராவிட்டாலும் கல்யாணம் நின்றுபோகாதபடி கணக்குப் போடுங்கள்.

மொய் யாருக்குச் சேரும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெற்றோருக்கா, தம்பதிக்கா, இரண்டு வீட்டுக்கும் தனிப் பெட்டியா? கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் விட்டால் கல்யாணம் முடிந்த மறுவாரம் வருகிற சண்டையில் உங்கள் பெயரும் அடிபடும்.

3. கடன் வாங்கித்தான் கல்யாணம் என்று காதில் விழுந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கடன் வாங்குகிற வழி இந்த ஊரில் எத்தனை இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் தனிநபர் கடன் ஒன்று. உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் இன்னொன்று. 1951ஆம் ஆண்டு வட்டிக்காரர் சட்டப்படி அவர் ஈடு வாங்கிக்கொண்டு கொடுத்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடில்லாமல் கொடுத்தால் 18 விழுக்காடும்தான் வட்டி வாங்கலாம். அதற்கு மேல் கேட்கிறவர், ஐசி அட்டையையும் ஏடிஎம் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்கிறவர், விளக்குக் கம்பத்தில் போன் நம்பர் ஒட்டுகிறவர் எல்லாரும் ஆலோங். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக முதல் குழந்தை பிறந்த வீட்டின் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனதை இந்த வட்டாரத்தில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூட்டு கட்டி எடுக்கிறேன் என்பார்கள் சில அம்மாக்கள்; கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். நடத்துகிறவர் ஓடிவிட்டால் போலீசில் போய் என்ன சொல்வது?

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஊழியர் சேமநிதிக் கணக்கு 2024 மே மாதத்திலிருந்து மூன்றாகப் பிரிந்து, மாதா மாதம் போகிற பணத்தில் பத்து விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் விழுகிறது. “அதிலே கிடக்குதே ஆண்ட்டி” என்கிறார்கள் பிள்ளைகள். கிடக்கட்டும். கார் பழுதாகும், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி வரும், அதற்குக் கிடக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, கடன் தேவைப்படாத அளவுக்குக் கல்யாணத்தைச் சுருக்கி வரைந்து காட்டுவது. காலையில் கோயிலில் தாலி, அங்கேயே இலைச் சாப்பாடு, இராத்திரி விருந்து இல்லை. கௌரவக் குறைச்சல் இல்லாமல் அதைச் செய்து காட்டுவதில்தான் உங்கள் திறமை இருக்கிறது; லட்ச வெள்ளி கையில் இருந்தால் யாரும் மேடை போடலாம். ஏற்கெனவே கடனில் தத்தளிக்கிற குடும்பம் என்றால் பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அங்கே கடன் ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. இதில் தருமம் மட்டும் இல்லை, சுயநலமும் உண்டு. கடனில் நடக்கிற கல்யாணத்தில் கடைசியாகப் பணம் கிடைக்கிறவர் நீங்கள்தான். சில சமயம் கிடைக்கவே கிடைக்காது.

4. பஞ்சாங்கம் எந்த ஊருடையது என்று பாருங்கள்.

தமிழ்நாட்டு நாட்காட்டியில் நேரம் பார்த்துவிட்டு வருகிறார்கள். திதி, நட்சத்திரம் முடிகிற நேரம் அதில் இந்திய நேரப்படி இருக்கும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியதிலிருந்து நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை எட்டு மணிக்கு முடிகிற நட்சத்திரம் இங்கே பத்தரைக்குத்தான் முடியும். ராகு காலமும் அப்படித்தான். அது பகல் பொழுதை எட்டாகப் பிரித்த கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை என்று மனப்பாடம் செய்திருப்போம். அது ஆறு மணிக்கு விடிகிற ஊருக்கு. கோலாலம்பூரில் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமையின் கடைசிப் பங்கு அஸ்தமனத்தோடு, அதாவது ஏழு, ஏழரைக்குத்தான் முடியும். விருந்துக்கு மாலை ஏழு மணி என்று அச்சடிக்கிற வீட்டில் ஒரு பாட்டி இதைக் கண்டுபிடித்தால் அட்டை முழுவதும் வீண். உள்ளூர்ப் பஞ்சாங்கத்தை வைத்து ஐயரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகுதான் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஆடியும் மார்கழியும் பெரும்பாலோருக்கு ஆகாது. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். தை, வைகாசி, ஆவணியில் மண்டபம் கிடைக்காது. இது எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாதது மற்றவர்களின் நாட்காட்டி. நோன்பு மாதத்தில் ஹோட்டல் மண்டபங்கள் நோன்பு துறப்பு விருந்துக்குப் போய்விடும். பள்ளி விடுமுறையில் மலாய்க்காரர்களின் கல்யாண விருந்துகள் வரிசையாக வருவதால் கூடாரம், மேசை, நாற்காலி வாடகைக்குக் கிடைப்பது கஷ்டம். சீனப் புத்தாண்டு வாரத்தில் அச்சகம், துணிக்கடை, கார் வாடகை பலவும் பூட்டிக் கிடக்கும். தைப்பூசத்தையொட்டிப் பூ விலை ஏறிவிடும். பத்துமலைப் பக்கம் வண்டி நகராது. நாட்டில் இருக்கிற எல்லாப் பண்டிகையையும் ஒரே தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறை விட்டு வெள்ளிக்கிழமை இரவில் விருந்து வைத்தால் பல இடங்களில் வாடகை இறங்கும். தாலி கட்டுகிற நாளை முகூர்த்தம் முடிவு செய்யட்டும். விருந்துக்கு முகூர்த்தம் எதற்கு?

5. பதிவைப் பற்றி முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் அமலில் உள்ளது. பதிவு கட்டாயம். தேசியப் பதிவு இலாகாவில் மனுக் கொடுத்தால் 21 நாள் அறிவிப்பு, அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் பதிவு. 21 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். உதவிப் பதிவாளர் இருக்கிற கோயில்களில் தாலி கட்டுகிற அன்றே பதிவும் செய்யலாம். எல்லாக் கோயிலிலும் இருக்க மாட்டார், விசாரித்துக்கொள்ளுங்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ இந்தியாவிலிருந்து வருகிறவர் என்றால் மணமாகாதவர் என்ற சான்றிதழும் தூதரகக் காகிதமும் வந்து சேர்வதற்கே நாளாகும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் காகிதங்களைப் பாருங்கள்.

6. எந்த முறைக் கல்யாணம் என்று தெரியாமல் மணவறைக்கு விலை சொல்லாதீர்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘இந்து கல்யாணம்’ என்று ஒன்று மட்டும் இல்லை. யாழ்ப்பாண வம்சாவளிக் குடும்பம் என்றால் பொன்னுருக்கல் தனியாக ஒரு நாள், தாலியே கோடாலித் தாலி. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டுக் கந்தசாமி கோயில் தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குப் பழகிய இடம். தெலுங்குக் குடும்பத்தில் சீரகம் வெல்லம், நடுவே திரை. மலையாளிகளுக்குச் சடங்கு சுருக்கம், சாப்பாடு விரிவு. சீர்திருத்தத் திருமணம் கேட்கிற குடும்பங்களும் இருக்கின்றன. பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து போனதிலிருந்து இங்கே வேர்விட்ட பழக்கம் அது. அவர்களுக்கு ஓம குண்டம் வேண்டாம், ஒலிபெருக்கியும் தலைமை தாங்க ஒரு பெரியவரும் போதும். சீன மருமகள் வருகிற வீடு என்றால் காலையில் அவர்கள் வீட்டில் தேநீர்ச் சடங்கு இருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். சடங்குகளை ஐயரிடமும் வீட்டில் மூத்த பெண்மணியிடமும் கேட்டு, நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். அந்தப் பட்டியல் கையில் வந்த பிறகு அலங்காரம் தானாகப் பாதியாகக் குறையும்.

7. செராஸில் வேலை செய்வதானால் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

செராஸ் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் ஒரு பாதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கையில் இருக்கிறது; ஒன்பதாவது மைல் பக்கம் போனால் சிலாங்கூர், காஜாங் நகராண்மைக் கழகம். சமூக மண்டபத்துக்கு மனுப் போடுவதும், வீட்டு முன்னால் ரோட்டில் கூடாரம் போட அனுமதி கேட்பதும் இடத்துக்கு ஏற்ற அலுவலகத்தில்தான். தாமான் கன்னாட்டில் இருக்கிறவர் காஜாங் அலுவலகத்தில் போய் நின்றால் அரைநாள் லீவு வீண். புதன்கிழமை இரவில் அந்தத் தாமானில் பாசார் மாலாம் நடக்கிற நீளத்தைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு நிச்சயதார்த்தம் வைத்துவிட்டுச் சீர்வரிசைத் தட்டோடு மாப்பிள்ளை வீட்டார் எங்கே இறங்குவார்கள்?

மாப்பிள்ளை வீடு கிள்ளானில், கல்யாணம் செராஸில் என்றால் வாடகைப் பேருந்தைச் சொல்லிய நேரத்துக்கு ஒரு மணி முன்னால் கிளப்புங்கள். வேலையில் இருக்கிற இளசுகளுக்கு எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் மண்டபம் இருந்தால் பாதி வண்டி குறையும். மண்டபம் பார்க்கப் போகிறபோது மேடையைப் பார்ப்பதற்கு முன்னால் கழிப்பறையையும், சமையல் லாரி பின்பக்கம் வந்து திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

8. கமிஷன் வாங்காதீர்கள்.

இதைச் சொன்னால் எனக்குத் தொழிலில் எதிரிகள் கூடுவார்கள். பரவாயில்லை. நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்து சில மாதங்களில் ஒரு சமையல்காரர், ஓர் அலங்காரக்காரர், ஒரு படக்காரர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, “எனக்கு வேலை கொடுத்தால் உனக்குப் பத்து விழுக்காடு” என்பார். நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் அந்தப் பத்து விழுக்காட்டை அவர் தன் கையிலிருந்து தரப்போவதில்லை. கல்யாண வீட்டாரின் பில்லில் ஏற்றித் தருவார். செலவைக் குறைப்பதற்காக உங்களை வைத்துக்கொண்ட குடும்பம், செலவு கூடக் கூட உங்களுக்குக் காசு வருகிற நிலையில் மாட்டிக்கொள்ளும். பிறகு “இந்த மேடை போதும் அக்கா” என்று உங்கள் வாயிலிருந்து எப்படி வரும்?

உங்கள் கூலியை வெளிப்படையாகச் சொல்லி வாங்குங்கள். மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு என்றும் பேசாதீர்கள். அதுவும் அதே வம்புதான். ஒரு நிலையான தொகை. முதலில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மீதி. சமையல்காரர் சலுகை கொடுத்தால் அது வீட்டாரின் பில்லில் குறையட்டும். உங்கள் கூலி அதிகமாகத் தெரிகிறதே என்று ஆரம்பத்தில் வேலை கைநழுவும். நழுவட்டும். செராஸ், காஜாங், பாலாக்கோங் பக்கத்துக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று சொந்தம். நாணயமானவர் யார் என்ற சேதி ஒரு கருமாதி வீட்டில் பரவுகிற வேகத்துக்கு எந்த விளம்பரமும் ஈடில்லை.

வீட்டார் கொடுக்கிற பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். இந்தக் கல்யாணத்துப் பணத்தில் போன கல்யாணத்துக் கடனை அடைக்கிற பழக்கம் ஒரு தடவை தொற்றினால் விடாது. சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் வீட்டாரே நேராகக் கட்டுவது எல்லாவற்றிலும் நல்லது.

9. வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கொடுக்க விடாதீர்கள்.

என்ன பொருள், எத்தனை, எந்த நேரம், தேதி மாறினால் என்ன, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எத்தனை குடும்பங்களின் முன்பணம் அந்தரத்தில் தொங்கியது என்பதை நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்து பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த கோவிட் தற்காலிக நடவடிக்கைச் சட்டம் திருமண நிகழ்ச்சி ஒப்பந்தங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதனால் நடத்த முடியாமல் போனவர் மீது மற்றவர் பாய முடியவில்லை. ஆனால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது பேச்சுவார்த்தைக்குத்தான் போனது. அப்போது கையில் காகிதம் இருந்தவர்களுக்குப் பேச ஒரு பிடி இருந்தது. மற்றவர்கள் வாட்சாப் செய்திகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சொன்னபடி செய்யாத வியாபாரி மீது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்க வேண்டியதில்லை. நினைவிருக்கட்டும், அந்த மன்றத்தில் உங்கள் மீதும் மனுச் செய்யலாம்.

10. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மேடையின் நிறம் மறுநாளே மறந்துபோகும். ரசம் உப்பாக இருந்ததைப் பதினைந்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். தலையைக் குறைத்து, தட்டில் நல்லதாகப் போடுங்கள். பலகாரம் ஏழு வகை வேண்டாம், மூன்று போதும், சூடாக வரட்டும். அழைப்பில் ஏழு மணி என்றிருந்தால் நம் ஆட்கள் எட்டரைக்கு வருவார்கள். ஆறு மணிக்குச் சமைத்து இறக்கிய கோழி பத்து மணிக்குப் பரிமாறப்பட்டால் வயிறு கெடும். சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிய வேண்டும் என்ற கணக்கில் இரண்டு தவணையாகச் சமைக்கச் சொல்லுங்கள். சமையல் ஆட்கள் டைபாய்டு ஊசி போட்டவர்களா, உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் கேட்கச் சொல்வதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள், சங்கடப்பட வேண்டாம்.

அலுவலகத்து மலாய் நண்பர்கள் வருகிற விருந்து என்றால் ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரரைப் பாருங்கள். அவர்களுக்கு ஓரத்தில் தனி மேசை போட்டுப் பொட்டலம் கொடுப்பது மரியாதை இல்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் மதுவில் கை வையுங்கள். ஹோட்டலில் வெளிப் புட்டி திறப்பதற்கே கட்டணம் வாங்குவார்கள். குடிக்கிற நாற்பது பேருக்காக மற்ற ஐந்நூறு பேர் மொய் எழுத வேண்டுமா?

11. தங்கத்திலும் புடவையிலும் தலையிடாதீர்கள். அது அவர்கள் பாடு. 2025 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் தங்கம் 3,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது, அதே ஆண்டு அக்டோபரில் 4,000ஐத் தாண்டியது. தாலிக்கும் கொடிக்கும் ஒதுக்கிய பணம் போதாமல் மண்டபக் காசில் கை வைப்பார்கள் என்பதை மட்டும் எதிர்பார்த்திருங்கள். புடவை எடுக்கத் திருச்சிக்கோ சென்னைக்கோ குடும்பத்தோடு பறப்பவர்களிடம் விமான டிக்கெட்டையும் கல்யாணச் செலவில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதும் சிலர் மஸ்ஜித் இந்தியாவுக்கே போய்விடுகிறார்கள்.

12. தொழிலை எப்படித் தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

எஸ்எஸ்எம்மில் பெயர் பதியுங்கள். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் என்றால் 60. பெரிய முதல் தேவையில்லாத தொழில் இது. மேடைச் சாமான், விளக்கு எல்லாம் வாங்கிக் குவிக்காதீர்கள், குடோன் வாடகை உங்களைத் தின்றுவிடும். உண்மையிலேயே பணம் வேண்டும் என்றால் தெக்குன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடனுதவித் திட்டம் இருக்கிறது, போய் விசாரியுங்கள். முதலில் ஓராண்டாவது யாரிடமாவது எடுபிடியாக நில்லுங்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் என்று சின்ன விசேஷங்களை எடுத்துச் செய்யுங்கள். பெற்றோர் கண்டுகொள்ளாமல் விட்ட இரண்டு பேர், இரண்டாம் கல்யாணம், கணவனை இழந்த பெண்ணின் மறுமணம் என்றெல்லாம் வரும். அவற்றைத் தயங்காமல் எடுங்கள், மற்றக் கல்யாணங்களைவிட அழகாகச் செய்யுங்கள்.

13. அன்றைய தினத்துக்கு ஒரு பை.

மஞ்சள் கயிறு கூடுதலாக ஒன்று, குண்டூசி, ஊசி நூல், கத்தரி, தீப்பெட்டி, கற்பூரம், சில்லறைக் காசு, பானடால், வெள்ளை வேட்டி ஒன்று, போன் சார்ஜர். மாப்பிள்ளைத் தோழனுக்குக் காலையில் ஒரு வாய் இட்லி. நாதஸ்வரக்காரருக்கும் படக்காரருக்கும் பந்தி முடிந்த பிறகு அல்ல, முதல் பந்தியிலேயே சாப்பாடு. பசித்தவர் வாசித்தால் கெட்டிமேளத்தில் தெரியும்.

14. கல்யாணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். போட்ட திட்டம் இவ்வளவு, ஆனது இவ்வளவு, எங்கே கூடியது, ஏன் கூடியது. ஒரே பக்கம், ரசீதுகள் பின்னால். “அதெல்லாம் எதுக்கும்மா, உன்னை நம்பாமலா” என்பார்கள். கொடுத்துவிட்டு வாருங்கள். மொய்ப் பெட்டியின் சாவி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் கைக்கு வரக்கூடாது. “நீயே வச்சுக்கோ, நேரமில்லை” என்று யார் நீட்டினாலும் தாய்மாமனைத் தேடிப் பிடித்து, இரண்டு பேர் பார்க்க அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.